ஜெஸீமா டீச்சர் மிதந்த நாள்

சில மாதங்களுக்கு முன் தம்புள்ளை பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். முதுகில் அவள் உயரத்துக்கே ஒரு பை. அதைக் கழற்றி மடியில் ஏற்றும்போது பையின் வார் என் மூக்கில் பட்டது. ‘ஸொரி, ஸொரி’ என்று பதறினாள். என் மடியில் இருந்த பலகாரப் பெட்டியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கொடுத்தேன். நான் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். முறுக்கு அங்கே போய்ச் சேர வேண்டியது... பரவாயில்லை.

எங்கே போகிறாய் என்று கேட்டேன். சீகிரியாவுக்காம். அது என் பக்கெட் லிஸ்டில் இருக்கிறது என்றாள்.

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. பக்கெட்டும் தெரியும், லிஸ்டும் தெரியும். இரண்டையும் ஏன் ஒன்றாகக் கட்டினார்கள் என்பதுதான் விளங்கவில்லை. மலையேறப் போகிறவளுக்கு வாளி எதற்கு?

அவளே விளக்கினாள். ‘வாளியை உதைத்தார்’ என்றால் ஆங்கிலத்தில் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். அதை நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த வாளியை உதைப்பதற்கு முன்னால் செய்து பார்த்துவிட வேண்டிய காரியங்களின் பட்டியல்தான் பக்கெட் லிஸ்ட். சீகிரியாவில் ஏற வேண்டும். ஒட்டகத்தில் பாலைவனம் கடக்க வேண்டும். அப்பாவோடு சண்டை போடாமல் ஒரு முழு நாள் இருக்க வேண்டும்... இப்படி நீண்டுகொண்டே போனது. அந்த அப்பா விஷயம்தான் எனக்கு ரொம்பவும் பிடித்தது.

“உங்கள் லிஸ்டில் என்ன இருக்கிறது?” என்று கேட்டாள்.

என் வாயிலிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? “செவ்வாய்க்கிழமை பல் டொக்டரிடம் போக வேண்டும்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். தம்புள்ளையில் இறங்கிய பிறகுதான் சிரிப்பு நின்றது. காதுகுத்துச் சாப்பாட்டின்போதும், திரும்பி வரும் வழியில் நாலந்தையைத் தாண்டும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அறுபதை எட்டப்போகிற ஒரு மனுஷிக்கு வேண்டியது பல் வைத்தியம் மட்டும்தானா?

அந்தக் கிழமையே ஒரு பின்னேரம் ஜெஸீமா டீச்சர் வீட்டுக்குப் போனேன். நாங்கள் இருவரும் மாத்தளையில் ஒரே பாடசாலையில் படிப்பித்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். மாற்ற முடியவில்லை. அவருடைய கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் குடும்பத்தோடு கட்டாரில் இருக்கிறான். டவுனுக்குப் பின்னால் பெரிய வீடு ஒன்றில் அவர் தனியாக இருக்கிறார்.

பஸ் கதையைக் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னேன். பல் டொக்டர் வரும் இடத்தில் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“எனக்கு ஒண்டு ஈக்குது, டீச்சர்.”

“என்னங்க அது? ஹஜ்ஜுக்குப் போறதா?”

“அது மனசுல வெச்ச நிய்யத்து. அல்லாஹ் நாடினா நடக்கும். இது வெறும் ஆச.” கோப்பையைக் கீழே வைத்தார். “தண்ணிக்கு மேல மல்லாந்து படுக்கணும். கையக் கால ஆட்டாம. சும்மா.”

ஜெஸீமா டீச்சர் புவியியல் படிப்பித்தவர். இலங்கை வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் விட்டு மகாவலியை ஒரே இழுப்பில் வரைந்துவிடுவார். எந்த ஆறு எங்கே பிறக்கிறது, எங்கே கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷியின் கணுக்காலுக்கு மேல் ஆற்றுத் தண்ணீர் பட்டு எத்தனையோ காலமாகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சின்ன வயதில் அவர்கள் வீடு சுது கங்கைக்குப் பக்கத்தில் இருந்ததாம். மூத்த அண்ணன் காசிம் — அவர்கள் பேச்சில் நானா — ஊரில் பேர்போன நீச்சல்காரர். பாறையிலிருந்து தலைகீழாகப் பாய்வார். ஒரு நாள் நானாவுக்குப் பின்னால் இவரும் இறங்கியிருக்கிறார். கால் வழுக்கியது. மழைக்காலத்து ஆறு இழுத்துக்கொண்டு போனது. நானா பாய்ந்து போய், கைக்குக் கிடைத்த தலைமயிரைப் பற்றிக் கரைக்கு இழுத்துப் போட்டார். அன்றோடு வாப்பா தடை போட்டுவிட்டார். ஜெஸீமா ஆற்றுப் பக்கமே போகக் கூடாது. பிறகு கல்யாணம், பிள்ளை, பாடசாலை. தடை போட்ட வாப்பா போய் எத்தனையோ வருடமாகிறது. தடை மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

“பயமா இருக்காதா டீச்சர்?” என்று கேட்டேன்.

“பயந்தான். ஆனா தண்ணி என்ன இழுத்தது மட்டுந்தான் எனக்கு ஞாபகம் ஈக்குது. தூக்கினது எப்பிடியீக்கும் எண்டு தெரியாது. மௌத்தாக முந்தி ஒரு தடவையாவது அது என்னத் தூக்கணும்.”

எத்தனை வருடப் பழக்கம்! ஆசிரியர் அறையில் எத்தனை சாப்பாட்டுப் பெட்டிகளைப் பகிர்ந்திருப்போம். எத்தனை அதிபர்களைத் திட்டியிருப்போம். இந்த ஒரு ஆசையைப் பற்றி ஒரு சொல்? இல்லை. பஸ்ஸில் ஒரு பெண் வாளிக் கதை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சியாமளாவுக்கு போன் போட்டேன். எங்கள் இருவரிடமும் படித்தவள். இப்போது சீகிரியாவில் ஒரு சின்ன ஹோட்டலில் மனேஜர். அவளுக்கு நீச்சல் தெரியும். விருந்தாளிகள் இல்லாத நேரங்களில் ஹோட்டல் குளத்திலேயே பழகிக்கொண்டாளாம். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாளோ என்று பயந்தேன்.

“டீச்சர், வார நாள்ல வாங்க. இப்ப சீசனும் இல்ல. ரூம் எல்லாம் காலியான பெறகு குளத்த நம்ம மட்டும் வச்சுக்கலாம். முதலாளியம்மாகிட்ட நான் பேசிர்றேன்” என்றாள். அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாக இருந்தது எனக்குக் கொஞ்சம் கோபத்தையே தந்தது. இத்தனை காலம் காத்துக் கிடந்த ஆசை ஒரு போன் கோலுக்கு அந்தப் பக்கத்தில்தானா இருந்தது?

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தோட்டக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த அதிசயத்தைச் சொன்னாலும் பத்திரிகைக்கு மேலால் ஒரு கண்ணை மட்டும் காட்டுவார். அன்று இரண்டு கண்ணையும் காட்டினார்.

“நீச்சலா? நீயா?”

“நான் சும்மா தொணைக்குப் போறேன்.”

“தண்ணி வெட்டு நாள்ல வாளித் தண்ணியக் கண்டாலே கூச்சல் போடுறவ...” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பத்திரிகைக்குள் போய்விட்டார்.

கட்டாரிலிருந்து ஜெஸீமா டீச்சரின் மருமகள், உடம்பு முழுவதையும் மூடுகிற நீச்சல் உடுப்பொன்றை வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினாள். மகன் மட்டும், ‘உம்மா, கவனம் உம்மா’ என்று தினமும் வாட்ஸ்அப் பண்ணினான். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காசிம் நானாவிடம் சொல்லும் வரைக்கும்.

நானா இப்போது பல்லேபொலவில் இருக்கிறார். மிளகு, கராம்பு, கொஞ்சம் வயல். எழுபதைத் தாண்டியாயிற்று. நெஞ்சில் வருத்தம், நாலு எட்டு வேகமாக வைத்தால் மூச்சு வாங்கும். அவரிடம் சொல்லாமல் போய்விட்டு வரலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஜெஸீமா டீச்சர் கேட்கவில்லை. “என்ட உசிர எடுத்துத் தந்தவரு. அவருக்குச் செல்லாம எறங்கினா அது களவு” என்றார்.

போனில் நானா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. இந்த வயசுல ஒனக்கு என்ன விசர், மௌத்தாகிற யோசனையா, ஆக்கள் என்ன செல்லுவாங்க... கடைசியில் போனை வைத்துவிட்டார். ஜெஸீமா டீச்சரின் முகம் சுருங்கிப்போனது. திட்டம் அன்றோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவர் போனை மேசையில் வைத்துவிட்டு, “புதன்கிழம பஸ் எத்தன மணிக்கு, டீச்சர்?” என்று கேட்டார்.

புதன்கிழமை காலை மாத்தளை பஸ் நிலையத்துக்குப் போனால், தம்புள்ளை பஸ்ஸுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி, சாரம், சட்டை, கக்கத்தில் குடையோடு ஒருவர் நிற்கிறார்.

“நானா?” என்றார் ஜெஸீமா டீச்சர்.

“நானும் வாறேன்.”

“நீங்க எதுக்கு?”

“நீ தண்ணிக்குள்ள தாண்டுட்டா ஆரு தூக்குற?”

“நானா, நீங்க இந்த பஸ்ல ஏறவே மூச்சு வாங்குறீங்க...”

“சத்தம் போடத் தெரியும்” என்றார் நானா. முன் சீட்டில் போய் உட்கார்ந்து யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்புள்ளை வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பாலங்கள் வந்தபோதெல்லாம் கழுத்தை நீட்டிக் கீழே எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். மிளகுக் கொடிகளைப் பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

தம்புள்ளையில் மாறி, சீகிரியாவில் இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்துப் போனோம். ஹோட்டலின் குளம் பின்பக்கத்தில் இருந்தது. சுற்றிவர உயரமான செம்பருத்தி வேலி. ஒரே ஒரு வாசல். சியாமளா நானாவை வரவேற்பு மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கச் சொல்லி, வேலி வாசலில் போட்டு, குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். இனி அந்த வாசலால் ஈ நுழைய முடியாது.

ஜெஸீமா டீச்சர் படியில் நின்றார். கறுப்பு உடுப்பு, தலையை இறுக்கிய மூடுதுணி, முகம் மட்டும் வெளியே. நானோ எங்கள் வீட்டுக்காரரின் பழைய டீ-ஷர்ட்டிலும் தொளதொள காற்சட்டையிலும். நல்ல காலம், யாரும் படம் எடுக்கவில்லை. முதல் படியில் காலை வைத்ததும் அவர் என் கையைப் பிடித்த பிடி... வளையல் நசுங்கியிருக்கும்.

“பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி இறங்கினார். இடுப்பளவு. நெஞ்சளவு. அங்கேயே நின்று நடுங்கினார். தண்ணீர் அப்படியொன்றும் குளிரவில்லை.

“ஜெஸீமா!” வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்.

“ஆ, நானா!”

“ஈக்கியா?”

“ஈக்கேன் நானா!”

“சரி.”

இருக்கிறாயா, இருக்கிறேன் — கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இதே கூப்பாடு. இதே பதில். நடுவில் சியாமளா ஜெஸீமா டீச்சருடைய முதுகுக்குக் கீழே ஒரு கையும் தலைக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துப் பழக்கினாள். “டீச்சர், ஒடம்ப லூசா விடுங்க. வகுப்புல நிக்கிற மாதிரி வெறப்பா நிக்காதீங்க. கழுத்த விடுங்க... நான் புடிச்சிருக்கேன்.” டீச்சர் ஒவ்வொரு தடவையும் கால்கள் மேலே வந்ததும் பதறி எழும்பிவிடுவார். மூக்கில் தண்ணீர் ஏறும். இருமல் வரும். உடனே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “என்ன சத்தம்?” “இருமல், நானா!” “சரி.”

போதும் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை. மறுபடியும் மறுபடியும் படுத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உதடு எதையோ ஓதிக்கொண்டிருக்க...

பிறகு ஒரு தடவை அவருடைய முகம் மாறியது. நெற்றியில் இருந்த சுருக்கம் போனது. இறுக மூடியிருந்த கைவிரல்கள் தானாகத் திறந்தன. சியாமளா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, மெதுவாக ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றக் கையையும் எடுத்தாள்.

மிதந்தார்! ஜெஸீமா டீச்சர் மிதந்தார்.

இரண்டு காதும் தண்ணீருக்குள். முகம் வானத்துக்கு. அசைவே இல்லை. நானும் சியாமளாவும் மூச்சுக்கூட விடாமல் நின்றோம். அந்த முகத்தை நான் என்றைக்கும் பார்த்ததில்லை. யாருக்கும் டீச்சராக இல்லாத, யாருக்கும் உம்மாவாக இல்லாத ஒரு முகம்.

“ஜெஸீமா!”

அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குள் தண்ணீர் அல்லவா?

“ஜெஸீமா! ஈக்கியா?”

நாங்களாவது பதில் சொல்லியிருக்க வேண்டும். பேசினால் கலைந்துவிடுமோ என்ற நினைப்பில் வாய் வரவில்லை. மூன்றாவது தடவை அந்தக் குரல் வேறு மாதிரி வந்தது. பிளாஸ்டிக் கதிரை விழுகிற சத்தம். திரும்பிப் பார்க்கிறேன்... நானா ஓடி வருகிறார். நாலு எட்டுக்கே மூச்சு வாங்குகிற மனுஷன், குடையை எறிந்துவிட்டு ஓடி வருகிறார். தண்ணீரின் மேல் கண்ணை மூடிக் கிடக்கிற தங்கச்சியைக் கண்டார். அவ்வளவுதான். சாரத்தோடு, தொப்பியோடு, செருப்போடு படியில் இறங்கிவிட்டார்.

“நானா, ஒண்ணுமில்ல! ஒண்ணுமில்ல!” என்று நான் கத்தியதை யார் கேட்டது? தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் தங்கச்சியின் தோளைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தார். நன்றாக மிதந்துகொண்டிருந்த மனுஷி நானா இழுத்த பிறகுதான் மூழ்கினார். வாய்க்குள் தண்ணீர், மூக்குக்குள் தண்ணீர். சியாமளா பாய்ந்து நிமிர்த்திவிட்டாள்.

“நானா... நான்... மெதந்துட்டீந்தேன்!” என்றார் ஜெஸீமா டீச்சர், இருமலுக்கு நடுவில்.

“கூப்புட்டேனே! ஏன் பதில் செல்லல்ல?”

“கேக்கல்ல நானா. தண்ணிக்குள்ள ஒண்டும் கேக்கல்ல.”

நானாவுக்கு மூச்சு இளைத்தது. உதடு வெளுத்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் பயந்துபோனோம். சியாமளா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து அவரைப் படியில் ஏற்றப் பார்த்தோம். அவர் கையை உயர்த்தினார்.

“பொறுங்க. கொஞ்சம் நிக்கிறேன்.”

நின்றார். நெஞ்சுக்குக் கீழே வரைக்கும் தண்ணீர். மூச்சு மெல்ல மெல்ல ஒரு ஒழுங்குக்கு வந்தது. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தண்ணீரின் மேல் வைத்தார். தட்டவில்லை, அளையவில்லை. சும்மா வைத்திருந்தார், ஒரு மாட்டின் முதுகில் கை வைத்திருக்கிற மாதிரி. அப்போதுதான் எனக்கு என் கோலம் ஞாபகம் வந்து கழுத்து வரைக்கும் தண்ணீருக்குள் அமர்ந்துகொண்டேன்.

“அண்டைக்குப் பொறகு நான் எறங்கவே இல்ல” என்றார்.

“எங்க, நானா?”

“தண்ணியில. ஆத்துல, கொளத்துல, ஒண்டுலயும்.”

ஜெஸீமா டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். “வாப்பா என்னத்தானே தடுத்தாரு. ஒங்களத் தடுக்கல்லயே?”

“தடுக்கல்ல. நானேதான். எறங்கப் போனா ஒன்ட முடி என்ட கையில ஈக்குறாப் போல ஈக்கும். வுட்டுட்டேனோ, வுட்டுட்டேனோ எண்டு... கால் வராது.”

ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர். ஒரே ஆறு. தனக்கு மட்டும்தான் தண்ணீர் மறுக்கப்பட்டது என்று தங்கச்சி ஒரு ஆயுள் முழுக்க நினைத்திருந்தார். அண்ணனோ, தனக்குத்தானே தடை போட்டுக்கொண்டு, அதை ஒருவரிடமும் சொல்லாமலே கிழவராகிவிட்டார்.

“ஆச வரல்லயா நானா?”

“வராமலா? பாலத்தக் கடக்கக்குள்ள எல்லாம் எட்டிப் பாப்பேன். அடுத்த வருஷம் எறங்குவோம், அடுத்த வருஷம் எறங்குவோம் எண்டு ஈந்தேன். பொறகு நெஞ்சு இப்பிடி ஆயிட்டு. நீந்தக் கூடாது எண்டு டொக்டர் செல்லிட்டாரு.” தண்ணீரைப் பார்த்துச் சிரித்தார். “இப்ப நிக்கத்தான் ஏலும்.”

பிறகு, “நீ படு. நான் பாக்குறேன்” என்றார்.

ஜெஸீமா டீச்சர் மறுபடியும் படுத்தார். இந்தத் தடவை சியாமளா கை கொடுக்கவில்லை. நானா தன் உள்ளங்கையைத் தங்கச்சியின் தலைக்குக் கீழே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் போனதும் கையை எடுத்துவிட்டார். தங்கச்சி தாழவில்லை. நானா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏற்கெனவே நனைந்திருந்த முகம். எது குளத்துத் தண்ணீர், எது கண்ணீர் என்று நான் பார்க்கப் போகவில்லை.

ஹோட்டல் துவாயைப் போர்த்திக்கொண்டு நானா பிளேன்டீ குடித்தார். சாரம் வெயிலில் காய்ந்தது. சியாமளாவின் கணவருடைய காற்சட்டை ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்திருந்தோம். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வர அவர் பட்ட பாடு தனிக் கதை. நல்ல காலம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் விஷயத்தைச் சொல்லி நன்றாக ஏச்சு வாங்கினாராம். ‘தண்ணிக்குள்ள எறங்கினதுக்கா ஏசினாரு?’ என்று கேட்டேன். ‘இல்ல, ஓடினதுக்கு’ என்றார்.

ஜெஸீமா டீச்சர் அதற்குப் பிறகும் போய் வருகிறார். இப்போது மிதப்பதோடு கொஞ்சம் கையையும் அடிக்கிறார். நானா போவதில்லை; அவ்வளவு தூரப் பயணம் உடம்புக்கு ஆகாது. ஆனால் குளித்துவிட்டு வந்த பிறகு பல்லேபொலவுக்கு ஒரு போன் எடுத்தே ஆக வேண்டும். தண்ணி எப்பிடியீந்திச்சு? சூடா, குளிரா? காத்து ஈந்திச்சா? மல்லாந்து கெடக்கக்குள்ள என்ன தெரிஞ்சிச்சு? ஒவ்வொன்றாகக் கேட்பாராம். இவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டுமாம். சில நாட்களில் சொல்லி முடித்த பிறகும் அந்தப் பக்கத்தில் அவர் போனை வைக்காமலே இருப்பாராம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு யோசனை. சாவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று பஸ்ஸில் அந்தப் பெண் சொன்னாளே... அவள் வயதுக்கு அது சரி. எங்களுக்கு அந்தக் கணக்கு சரிவராது. சாவு எங்கோ தூரத்தில் நிற்கிறது என்று தைரியமாக இருக்கிறோம். அதற்குள் முழங்கால் போய்விடுகிறது. மூச்சு போய்விடுகிறது. கூட வர வேண்டிய ஆள் போய்விடுகிறார். ஆசை மட்டும் வயதாகாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதை அனுபவிக்க வேண்டிய உடம்பைத்தான் காணோம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. இந்தப் பட்டியல் எல்லாம் கையில் காசும் முதுகில் பையும் உள்ளவர்களின் விளையாட்டு என்று முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை. எழுதுவதோ, செய்து முடித்ததும் கோடு போட்டு வெட்டுவதோ பெரிய விஷயமில்லை. ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்வதுதான் விஷயம். ஜெஸீமா டீச்சர் ஒரு பின்னேரம் தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டே சொன்னார். சொன்னதுதான் தாமதம், அந்த ஆசைக்குக் கால் முளைத்துவிட்டது. சீகிரியாவில் வாசல் திறந்தது. கட்டாரிலிருந்து உடுப்பு வந்தது. பல்லேபொலவிலிருந்து ஒரு குடை வந்தது. நானா சொல்லவில்லை. அவருக்குப் பாலத்தில் போகும் பஸ்ஸின் யன்னல்தான் கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் யாராவது இருக்கக்கூடும். கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

நான் கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில். எங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போல பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார்.

“ஏங்க, உங்களுக்கு ஏதாச்சும் ஆச இருக்குங்களா? செய்யணும்னு நெனச்சு செய்யாமலே விட்டது?”

‘டீ வந்தாப் போதும்’ என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். பத்திரிகை அசையவில்லை. பதில் மட்டும் வந்தது. யோசித்துச் சொன்ன பதில் மாதிரியே இல்லை. எத்தனையோ வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்தது மாதிரி இருந்தது.

“சைக்கிள்ல திருகோணமலைக்குப் போகணும். கடல்ல முன் சில்ல நனைக்கணும். அவ்வளவுதான்.”

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷனோடு எத்தனை தீபாவளி, எத்தனை மழைக்காலம்...

“இத ஏங்க இவ்வளவு காலமா சொல்லல?”

“யாரும் கேக்கலயே.”

“இந்த வயசுல... முழங்கால் தாங்குமா?”

அப்போதுதான் பத்திரிகையை இறக்கினார். இரண்டு காலையும் நீட்டி, மடக்கி, மறுபடியும் நீட்டிக் காட்டினார்.

“முழங்கால் நல்லாத்தான் இருக்கு. டயர்தான் ரெண்டும் போச்சு.”

டயர் கடையில் கிடைக்கும்.